பிசினஸ் கிளாஸுக்கு ஏலம் கேட்கலாமா, எவ்வளவு கேட்கலாம்?

மான்செஸ்டரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவும் அம்மாவும் சென்னையிலிருந்து ஃப்ராங்ஃபர்ட் வழியாக எகானமி வகுப்பில் வருகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 68. அம்மாவுக்கு முழங்கால் வலி. டிக்கெட் எடுத்துச் சில வாரங்கள் கழித்து, மேல் வகுப்பு இருக்கைக்கு ஏலம் கேட்கலாம் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. சென்னை–ஃப்ராங்ஃபர்ட் பகுதிக்கு பிசினஸ் கிளாஸ் என்றால் ஆளுக்குக் குறைந்தது 48,000 ரூபாய், அதிகபட்சம் 1,70,000 ரூபாய். பிரீமியம் எகானமி 22,000 ரூபாயில் தொடங்குகிறது. ஃப்ராங்ஃபர்ட்–மான்செஸ்டர் பகுதிக்குத் தனியாக 9,000 ரூபாயிலிருந்து கேட்கலாம். இது உண்மையா, ஏமாற்றா? எவ்வளவு கேட்டால் கிடைக்கும்? அம்மாவுக்கு மட்டும் கேட்க முடியுமா? இவை அவருடைய மூன்று கேள்விகள். ஆனால் அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, வயதான இரண்டு பேரை அலுப்பில்லாமல் வரவழைக்க இந்தப் பணத்தைச் செலவழிப்பதுதான் சரியான வழியா என்பது. நான் அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

ஒரு விமான நிறுவனத்தின் வருவாய் மேலாண்மைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். எந்த விமானத்தில், எந்த விலையில், எத்தனை இருக்கைகளைத் திறந்து வைப்பது, எப்போது மூடுவது என்று தீர்மானிப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. ஏலத்தொகைகளை ஏற்பதும் தள்ளுவதும் அங்கேதான் நடக்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி விதிகள் உண்டு. எல்லோருக்கும் பொதுவானவற்றை உறுதியாகச் சொல்கிறேன், மற்றவற்றை என் ஊகம் என்று குறிப்பிட்டே சொல்கிறேன்.

முதலில், இது உண்மையான ஏற்பாடுதான். உலகம் முழுவதும் பல விமான நிறுவனங்கள் இந்த ஏலத்தைத் தாங்களே நடத்துவதில்லை. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 2009-இல் தொடங்கிய பிளஸ்கிரேடு போன்ற நிறுவனங்களின் மென்பொருளை வாங்கிப் பயன்படுத்துகின்றன. அதனால்தான் இணைப்பைத் தட்டினால் திறக்கும் பக்கத்தின் முகவரி சில சமயம் விமான நிறுவனத்தின் வழக்கமான முகவரி போல இருக்காது. அதைப் பார்த்துச் சந்தேகப்படுவதும் நியாயமே, ஏனென்றால் இதே தோற்றத்தில் போலி மின்னஞ்சலும் அனுப்பலாம். எனவே மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். விமான நிறுவனத்தின் இணையதளத்துக்கு நீங்களே போய், பிஎன்ஆர் எண்ணும் குடும்பப் பெயரும் கொடுத்து உங்கள் முன்பதிவைத் திறந்து பாருங்கள். ஏல வாய்ப்பு உண்மையானால் பெரும்பாலும் அங்கேயும் தென்படும். அங்கே காணவில்லை என்றால் நிறுவனத்தின் தொலைபேசி உதவி எண்ணில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு அட்டை விவரம் கொடுங்கள்.

இனி, விமான நிறுவனம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு கேட்பது என்ற கேள்விக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது. கென்னத் லிட்டில்வுட் என்பவர், பிறகு பிரிட்டிஷ் ஏர்வேஸுடன் இணைந்துவிட்ட பிஓஏசி நிறுவனத்தில் இருந்தபோது, 1972-இல் ஒரு விதியை எழுதினார். குறைந்த விலையில் இருக்கை கேட்டு ஒருவர் இப்போது வந்து நிற்கிறார். அவருக்குக் கொடுப்பதா, அதிக விலை தரக்கூடிய இன்னொருவர் கடைசி நேரத்தில் வருவார் என்று காத்திருப்பதா? வரப்போகிறவர் தரும் விலையை, அவர் வருவதற்கான வாய்ப்பால் பெருக்குங்கள். கையில் இருக்கும் விலை அதைவிட அதிகமானால் கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகு வந்த கணக்குகள் எவ்வளவோ சிக்கலானவை என்றாலும் இந்த அடிப்படை மாறவில்லை. ஏலமும் இதன்படியே நடக்கிறது.

எண் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் வைக்கும் எண்கள். கடைசி இரண்டு நாளில் பிசினஸ் இருக்கை ஒன்றை 2,00,000 ரூபாய்க்கு விற்கலாம், அதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், அந்தக் காலி இருக்கையின் மதிப்பு நிறுவனத்துக்கு 50,000 ரூபாய். 48,000 கேட்டவருக்குக் கிடைக்காது, 55,000 கேட்டவருக்குக் கிடைக்கும். ஆனால் எட்டு இருக்கைகள் காலியாக இருந்தால், எட்டாவது இருக்கை வரை விற்றுத் தீர்வதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. அதன் மதிப்பும் அப்படியே இறங்கிவிடும். நிறுவனம் குறைந்தபட்சத் தொகைக்கே கொடுத்துவிடவும் கூடும். ஒரே தொகைக்கு வியாழக்கிழமை கிடைத்த இருக்கை ஞாயிற்றுக்கிழமை கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம். நீங்கள் கேட்ட தொகை பெரிதா சிறிதா என்பதைவிட, அந்தக் குறிப்பிட்ட நாளில் அந்தக் கேபினில் எத்தனை இருக்கை மிஞ்சியது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

எகானமி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். நிறுவனங்கள் இருக்கும் இடத்தைவிட அதிகமாக டிக்கெட் விற்பது வழக்கம். எகானமி அப்படி வழிந்து நிற்கும் நாளில், உங்கள் அப்பா அம்மாவை முன்னால் அனுப்பினால் பின்னால் இரண்டு இடம் கிடைக்கிறது. நிறுவனத்துக்கு ஏலத்தொகையோடு அந்த ஆதாயமும் சேர்கிறது. எகானமியே பாதி காலியாகக் கிடந்தால் அந்த ஆதாயம் இல்லை. உங்களுக்கும் அன்று மேல் வகுப்பின் தேவை குறைவு, ஏனென்றால் பக்கத்து இருக்கை காலியாகக் கிடைக்கலாம்.

புறப்பாட்டுக்கு ஓரிரு நாள் முன்பு எங்கள் மேசையில் திரை இப்படி இருக்கும். பிசினஸில் ஒன்பது இருக்கைகள் விற்கவில்லை. அவற்றில் ஒன்றின் சாய்வு மோட்டார் பழுது, அது கணக்கில் வராது. கடைசி நேர விற்பனைக்கு மூன்றை ஒதுக்கி வைப்போம். இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு வரக்கூடிய பிசினஸ் பயணிகளுக்காக இரண்டு. மைல்களை, அதாவது அடிக்கடி பறப்பவர்களுக்கு நிறுவனம் தரும் புள்ளிகளைக் கொடுத்து மேல் வகுப்புக் கேட்ட பழைய வாடிக்கையாளர்கள் வரிசையில் இருந்தால் அவர்களில் சிலர் ஏலத்துக்கு முன்பே நிற்பார்கள். மிச்சமிருக்கும் மூன்று இருக்கைகளுக்குத்தான் ஏலப் பட்டியலைத் திறப்போம். தொகைவாரியாக மேலிருந்து கீழே: முதலில் தனி ஆள், அடுத்து ஒரு தம்பதி. மூன்று முடிந்தது. அவர்களுக்குக் கீழே ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் நின்றவருக்கு 'வருந்துகிறோம்' என்ற மின்னஞ்சல் போகும். முதல் தனி ஆளோடு இன்னொரு தனி ஆளும் மேலே இருந்திருந்தால் மிஞ்சியது ஒரே இருக்கை. அப்போது தம்பதியைத் தாண்டி, அவர்களைவிடக் குறைவாகக் கேட்ட தனி ஆளுக்கு அது போய்விடும். ஒரே பிஎன்ஆரில் இருப்பவர்களில் ஒருவரை மட்டும் முன்னால் அனுப்புவதில்லை. அனுப்பினால் எல்லோரையும், இல்லையென்றால் யாரையும் இல்லை. இரண்டு பேருக்காகக் கேட்கிறவர்களுக்கு இதனால் வாய்ப்பு ஒரு படி குறைவுதான்.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கோயில் கடை ஏலத்தில் எதிரே நிற்பவர் எவ்வளவு கேட்டார் என்று காதால் கேட்டு, ஒரு தரம் இரண்டு தரம் சொல்லும் வரை யோசித்து ஏற்றலாம். இங்கே அது முடியாது. இது மூடி முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளி போன்றது. மற்றவர் கேட்டது உங்களுக்குத் தெரியாது, வென்றால் நீங்கள் எழுதிய தொகையையே முழுதாகக் கொடுக்க வேண்டும். தொகை ஓர் ஆளுக்கு, ஒரு பகுதிப் பயணத்துக்கு. இரண்டு பேர் என்றால் 48,000 என்பது 96,000 ஆகிவிடும். ஏலப் பக்கத்தில் பெரிதாகத் தெரிவது ஓர் ஆளுக்கான எண் என்பதைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டுப் பிறகு அட்டைக் கணக்கைப் பார்த்துத் திடுக்கிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஏற்கப்பட்டால்தான் பணம் பிடிப்பார்கள். ஏற்கப்படாவிட்டால் உங்கள் எகானமி இருக்கை அப்படியே இருக்கும், நஷ்டம் எதுவும் இல்லை. குறித்த நேரம் வரை தொகையை மாற்றலாம், விலகவும் செய்யலாம். ஏற்றுக்கொண்ட பிறகு மனம் மாறினால் பணம் திரும்ப வராது. நிறுவனமே விமானத்தை ரத்து செய்தாலோ மேல் வகுப்பு இருக்கையைக் கொடுக்க முடியாமல் போனாலோ ஏலத்தொகையைத் திருப்பித் தருவார்கள்.

இன்னொன்றும் உறுதி: ஏலத்தில் வென்றாலும் உங்கள் கையில் இருப்பது பழைய எகானமி டிக்கெட்தான். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், தேதி மாற்றக் கட்டணம் எவ்வளவு என்பவை பழைய டிக்கெட்டின் விதிப்படியே. மைல்களும் பெரும்பாலும் பழைய வகுப்புக்கே சேரும். எகானமியில் இடம் தேர்வு செய்யக் கொடுத்த பணம் பொதுவாகத் திரும்பாது. முன்னால் போனதும் எந்த இருக்கை என்பதைத் தேர்வு செய்யும் உரிமையும் உத்தரவாதமில்லை. கடைசியில் மிஞ்சியவை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் தம்பதி தனித்தனியாக உட்கார வேண்டிவரும். விமான நிலைய ஓய்வறை (லவுஞ்ச்) அனுமதியும் கூடுதல் பெட்டி எடையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் முழு பிசினஸ் வசதியும் தருகிறார்கள், சிலர் இருக்கையையும் சாப்பாட்டையும் மட்டும் தருகிறார்கள். ஏலப் பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். அவற்றை வாசிக்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

சந்தேகத்துக்குரியவை இனி. ஏலப் பக்கத்தில் தொகையை ஏற்றும்போது 'பலவீனம்' என்பதிலிருந்து 'வலுவானது' என்பதை நோக்கி ஒரு முள் நகரும். அதை நம்பித் தொகையை ஏற்றாதீர்கள். அந்த முள் எங்கே எந்த நிறம் காட்ட வேண்டும் என்று தீர்மானிப்பது விற்பவர்தான். உங்களுக்குக் கிடைக்கும் என்ற உறுதிமொழி அதில் இல்லை. இருக்கை வரைபடத்தில் காலியாகத் தெரிவதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டிக்கெட் வாங்கியும் இருக்கை தேர்வு செய்யாதவர்கள் அதில் தெரிய மாட்டார்கள். இதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. புறப்பாட்டுக்கு மூன்று நான்கு நாள் முன்பு, அதே விமானத்தில் ஒன்பது பேருக்கு பிசினஸ் டிக்கெட் தேடிப் பாருங்கள். ஒன்பது பேருக்கும் கிடைக்கிறது என்றால் கேபின் திறந்து கிடக்கிறது, குறைவாகக் கேட்கலாம். இரண்டு பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை என்றால் எவ்வளவு கேட்டாலும் நம்பிக்கை வைக்க வேண்டாம். தங்கள் உறுப்பினர் திட்டத்தில் உயர்ந்த நிலையில் இருப்பவருக்கு ஏலத்திலும் முன்னுரிமை உண்டா என்று பலர் கேட்பார்கள். சில இடங்களில் உண்டு, சில இடங்களில் தொகை மட்டுமே பேசும்.

இந்தப் பயணத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது விமானத்தின் வகையை. சென்னை–ஃப்ராங்ஃபர்ட் சுமார் பத்து மணி நேரம். நள்ளிரவுக்குப் பின் கிளம்பும் பயணம் அது. பெரிய விமானம், பிசினஸ் இருக்கை முழுதாகப் படுக்கையாக விரியும். வீட்டில் தூங்கும் நேரத்தில் அப்பாவும் அம்மாவும் கால் நீட்டிப் படுக்கலாம். பணத்துக்கு மதிப்பு இருப்பது இந்தப் பகுதியில்தான். ஃப்ராங்ஃபர்ட்–மான்செஸ்டர் அப்படியில்லை. ஐரோப்பாவுக்குள் பறக்கும் சிறிய விமானங்களில், பெரும்பாலான ஐரோப்பிய நிறுவனங்களின் பிசினஸ் கிளாஸ் என்பது அதே எகானமி இருக்கைதான். மூன்று இருக்கை வரிசையில் நடு இருக்கையைக் காலியாக விட்டு, முன்னால் ஒரு திரை தொங்கவிட்டு, நல்ல சாப்பாடு கொடுப்பார்கள். காலுக்கு அதிக இடம்கூடக் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான அந்தப் பயணத்துக்கு ஆளுக்கு 9,000 கொடுக்க வேண்டாம். அந்தப் பகுதிக்கு ஏலமே கேட்காதீர்கள்.

பிரீமியம் எகானமியைப் பற்றி ஒரு வார்த்தை. இருக்கை அகலம், சாய்வு அதிகம், வரிசைகளுக்கு இடையே சுமார் 38 அங்குலம். எகானமியில் அது 31 அளவில் இருக்கும். ஏழு அங்குலம் என்பது முழங்கால் வலிக்காரருக்குப் பெரிய விஷயம், காலை மடக்கி நீட்ட முடியும். ஆனால் படுக்க முடியாது. இரவுப் பயணத்தில் தூக்கம்தான் நோக்கம் என்றால் இது அதைக் கொடுக்காது. வலிதான் பிரச்சினை, பட்ஜெட் இறுக்கம் என்றால் நல்ல இடைவழி.

உங்கள் கேள்வியில் ஒரு பயம் மறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நீண்ட நேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும், அதனால் எகானமியில் அனுப்புவது ஆபத்து என்று பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். உலக சுகாதார அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வு முடிவில், நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பிறகு ரத்தக்கட்டு அபாயம் சுமார் இரு மடங்காகிறது என்று வந்தது. ஆனால் ஆரோக்கியமானவர்களுக்கு அந்த அபாயம் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான். அது விமானத்துக்கு மட்டும் உரியதும் அன்று. அசையாமல் உட்காரும் பஸ், ரயில் பயணங்களுக்கும் பொருந்தும். அமெரிக்க மார்பு நோய் மருத்துவர்கள் கல்லூரி 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எகானமியில் உட்காருவதே ரத்தக்கட்டுக்குக் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. அசைவு குறைவதுதான் காரணம், ஜன்னலோர இருக்கையில் அது அதிகம் என்றும் சொன்னது. எனவே நடைவழியோர இருக்கையும் இடையிடையே எழுந்து நடப்பதும் முதலில் வர வேண்டும். அம்மாவுக்கு முன்பு ரத்தக்கட்டு வந்திருந்தாலோ, சமீபத்தில் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். அதை இருக்கை வகுப்பு தீர்க்காது.

அதேபோல் முழங்கால் வலிக்காரருக்கு இந்தப் பயணத்தின் கடினமான பகுதி விமானத்துக்குள் இல்லை. ஃப்ராங்ஃபர்ட் விமான நிலையத்தில் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு நடப்பதும், பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்பதும், மான்செஸ்டரில் குடியேற்ற வரிசையில் நிற்பதும்தான் காலை முறிக்கும். இதற்கு வீல்சேர் உதவி இருக்கிறது. எந்த வகுப்பு டிக்கெட்டாக இருந்தாலும் இலவசம். குறைந்தது 48 மணி நேரம் முன்பே நிறுவனத்திடம் பதிவு செய்ய வேண்டும். கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் நிறைய. உங்கள் அம்மாவிடம் நீங்களே பேசிச் சம்மதிக்க வையுங்கள். சென்னையில் செக்-இன் மேசையிலிருந்து மான்செஸ்டர் வெளிவாசல் வரை ஒவ்வொரு விமான நிலையத்திலும் ஓர் ஆள் கூடவே வருவார், மொழி தெரியாத இடத்தில் வழி தவறுமே என்ற கவலையும் தீரும். காலுக்கு இடம் அதிகம் என்று அவசரகால வாசல் வரிசை இருக்கையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க உதவக்கூடியவர்கள்தான் அங்கே உட்காரலாம். வீல்சேரில் வருபவரைப் பணியாளர்கள் அங்கிருந்து மாற்றியே தீர வேண்டும், அது விதி.

சரி, எவ்வளவு கேட்பது? எழுதிய தொகையையே கட்ட வேண்டிய ஏலத்தில், ஒரு பொருள் உங்களுக்கு எவ்வளவு பெறுமோ அதற்குக் கீழேதான் கேட்க வேண்டும் என்பது, பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961-இல் எழுதிய கட்டுரையிலிருந்து ஏலக் கோட்பாடு படிப்பவர்களுக்கு அடிப்படைப் பாடம். பெறுமானம் முழுவதையும் கேட்டு வென்றால் உங்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. ஆகவே அந்தப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே, ஒரு தாளில் உங்கள் உச்ச வரம்பை எழுதுங்கள். அப்பாவும் அம்மாவும் பத்து மணி நேரம் படுத்து வருவதற்கு, ஆளுக்கு எவ்வளவு கொடுத்தால் பிறகு மனம் உறுத்தாது? 60,000 என்றால் மணிக்கு 6,000 ரூபாய். அந்த எண்ணை ஒருமுறை பார்த்தாலே பலருக்குத் தெளிவு வந்துவிடுகிறது. அடுத்து, அதே நாளில் நேரடியாக பிசினஸ் டிக்கெட் என்ன விலை என்று பாருங்கள். நீங்கள் கொடுத்த எகானமி விலையும் ஏலத்தொகையும் சேர்ந்து அந்த விலையை நெருங்கினால் ஏலத்தில் அர்த்தமே இல்லை. நேரடியாக வாங்கிய டிக்கெட்டில் ஓய்வறையும் பெட்டி எடையும் மைல்களும் மாற்றும் வசதியும் சேர்ந்தே வரும். முன்பதிவுப் பக்கத்தில் ஏலமில்லாமல் நிலையான விலையில் மேல் வகுப்புக் கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த விலைக்கு மேல் ஏலம் கேட்பவர்கள் இருக்கிறார்கள், பக்கத்தைத் திறந்து பார்க்காததால்.

உங்கள் எண்களை வைத்துச் சொன்னால், நான் 52,000-இலிருந்து 60,000-க்குள் ஒரு தொகை கேட்பேன். குறைந்தபட்சத்தை அப்படியே எழுதுகிறவர்கள் எப்போதும் நிறைய, அதற்குச் சற்று மேலே போனால் அந்தக் கும்பலைத் தாண்டலாம். 55,000 என்று வட்டமாக எழுதாமல் 55,600 என்று எழுதுவேன், வட்டமான எண்களில் கூட்டம் அதிகம் என்பதால். இது என் அனுபவத்தில் வந்த ஊகம்தான். 1,00,000-ஐத் தாண்டிக் கேட்பதை எந்தக் காரணத்துக்காகவும் நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு கொடுக்கத் தயார் என்றால் அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போதே பிசினஸ் சலுகை விலையைத் தேடுங்கள். தொகையில் வரி அடங்கியதா என்றும் பாருங்கள். இந்தியாவில் எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், எகானமி அல்லாத வகுப்புகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். கட்டணம் எந்த நாணயத்தில் என்பதையும் கவனியுங்கள், வெளிநாட்டு நாணயத்தில் பிடித்தால் உங்கள் வங்கி அதற்குத் தனிக் கட்டணம் வைக்கலாம்.

அம்மாவுக்கு மட்டும் கேட்க வேண்டுமானால் பிஎன்ஆரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நிறுவனத்தையோ டிக்கெட் எடுத்த முகவரையோ கேட்டால் செய்து தருவார்கள். ஆனால் இவர்கள் விஷயத்தில் நான் அதை விரும்பவில்லை. பிரித்த பிறகு கணினிக்கு அவர்கள் இருவரும் அந்நியர்கள். சென்னையில் தாமதமாகி ஃப்ராங்ஃபர்ட் இணைப்பு தவறினால், ஒருவரை மதிய விமானத்திலும் மற்றவரை மாலை விமானத்திலும் ஏற்றிவிடும் வாய்ப்பு உண்டு. வயதான காலத்தில் தனியாக நிற்க வைக்கிற அந்தச் சங்கடம் எந்தப் படுக்கைக்கும் ஈடாகாது. பணம் ஒருவருக்குத்தான் போதும் என்றால், இருவருக்கும் பிரீமியம் எகானமி கேளுங்கள்.

திரும்பும் பயணத்துக்கும் இதே மின்னஞ்சல் வரும். ஃப்ராங்ஃபர்ட்–சென்னை பெரும்பாலும் பகலில் கிளம்பி இரவில் வந்து சேரும் பயணம். படுக்கையின் பயன் அதில் பாதிதான், என் வரம்பையும் பாதியாக்குவேன். பிரிட்டனிலிருந்து கிளம்பும்போது விமானப் பயணி வரி வகுப்பைப் பொறுத்து மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் இந்தியாவின் தூரத்துக்கு எகானமியில் 90 பவுண்டு, மேல் வகுப்பில் 216 பவுண்டு என்று இருந்தது. அந்த வித்தியாசம் ஏலத்தொகைக்குள் இருக்கிறதா, தனியாக வருமா என்று நிபந்தனையில் பாருங்கள்.

மருத்துவக் காரணத்தால் அம்மா படுத்தே ஆக வேண்டும் என்றால் ஏலத்தை நம்பி அனுப்பாதீர்கள், கூடுதல் விலை கொடுத்து இப்போதே உறுதியான இருக்கையாக மாற்றிவிடுங்கள். அப்படி இல்லாமல், கிடைத்தால் நல்லது என்ற நிலை என்றால் முதல் பகுதிக்கு மட்டும் இருவருக்கும் கேளுங்கள். கிடைக்காத பட்சத்துக்கு எகானமியில் நடைவழியோர இருக்கையும் வீல்சேரும் இன்றே பதிவு செய்துவிடுங்கள். ஏலம் கிடைக்கவில்லை என்ற பதில் வந்த பிறகு அந்த இருக்கைகளைத் தேட முடியாது. கிடைத்துவிட்டால் உடனே தொலைபேசியில் அழைத்து மூன்று விஷயம் கேளுங்கள்: இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை, வீல்சேர் பதிவு புதிய இருக்கையோடு தொடர்கிறதா, சைவ உணவு. எகானமியில் பதிவு செய்த சைவ உணவு மேல் வகுப்புக்குத் தானாகப் போகும் என்று நம்ப முடியாது. பிசினஸ் உணவு தனியாக ஏற்றப்படுவதால் மறுபடி சொல்ல வேண்டும். அவகாசம் ஒரு நாளைவிடக் குறைவாக இருந்தால் அதுவும் கிடைக்காமல் போகலாம் என்பதால், இரண்டு பேருக்கும் இட்லியோ சப்பாத்தியோ கைப்பையில் கட்டிக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.